துக்கத்துக்கு மருந்தெழுதும் அதிகாரம்

துக்கத்துக்கு அபின் எழுதித் தரும் உரிமை எந்த டாக்டருக்கு உண்டு என்று மலாக்காவில் மேலிடம் யோசிக்கத் தொடங்கியபோது, தம்புசாமிக்குத் துக்கம் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. கொஞ்சம் பொறுத்திருந்து, சட்டம் வந்த பிறகு துக்கப்பட்டிருந்தால் இவ்வளவு சிக்கல் நேர்ந்திருக்காது என்று பின்னால் ஓர் அதிகாரி அவரிடம் அனுதாபத்துடன் சொன்னார்.

தம்புசாமி பெம்பானுக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், பால் வெட்டுகிறவர். கித்தா விலை விழுந்த காலத்தில் தோட்டம் ஆட்களைக் குறைத்தது. ஊர் திரும்புகிறவர்களுக்குக் கப்பல் இலவசம் என்றார்கள். நல்ல வெட்டுக்காரர்களை மட்டும் துரை நிறுத்திக்கொண்டார். தம்புசாமி நல்ல வெட்டுக்காரர். அவர் மனைவி ராஜம்மாவுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

"நான் முன்னால போயி இருக்கேன். வெலை ஏறுனதும் கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் கப்பல் ஏறினாள்.

விலை ஏறியது. கூப்பிடலாம் என்று அவர் இருந்த சமயத்தில், ஊருக்குப் போய்த் திரும்பிய கங்காணி, அவள் பேதி கண்டு இறந்துவிட்டாள் என்ற செய்தியைக் கொண்டுவந்தார். அதற்குள் அவள் இறந்து பல மாதம் ஆகியிருந்தது. அவ்வளவு நாளும் அவள் உயிரோடு இருப்பதாக நினைத்து அவர் சந்தோஷமாக இருந்திருக்கிறார். சாவைவிட அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் அவருக்கு அதிகம் வலித்தது.

ஆள் குறைந்த லயத்தில், தொழிலாளர்களின் அந்த வரிசை வீட்டில், அவர் அறைக்கு இரண்டு பக்கமும் காலி. சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது சண்டை போட்டால்கூட நன்றாயிருக்கும் என்று நினைப்பார். சோறு பொங்குவார், பொங்கியது அப்படியே இருக்கும். மரத்தின் முன்னால் உளியோடு நின்றால் நின்றபடியே நிற்பார். இரண்டு மூன்று மரங்களில் பட்டையைத் தாண்டி உள்மரம் வரை வெட்டிவிட்டார். இன்னொரு மரத்துக்குக் காயம் பட்டால் வேலை போய்விடும் என்று கங்காணி சொன்னார். அந்தத் தோட்டத்தில் மரத்தின் காயம்தான் கணக்கில் சேரும்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுக்கிற டிரெஸர் பாலகிருஷ்ணன் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார்.

"பைத்தியம் கிய்த்தியம் இல்லண்ணே. மனசு படுத்துக்கிச்சு. பழைய புஸ்தகத்துல இதுக்கு அபின் டிங்சர்தான் போட்டிருக்கு. பொழுது சாய இங்க வாங்க. என் கண்ணு முன்னால குடிக்கணும். புட்டியத் தரமாட்டேன்."

தண்ணீரில் சில சொட்டுகள். கசக்கும். துக்கம் அதனால் போய்விடவில்லை. துக்கத்துக்கும் அவருக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவு இடம் கிடைத்தது. அந்த இடத்தில் உட்கார்ந்து அவர் சாப்பிட்டார், படுத்துத் தூங்கினார், காலையில் எழுந்து வேலைக்குப் போனார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடலாம் என்று டிரெஸர் சொல்லியிருந்தார். குறைக்கவும் தொடங்கியிருந்தார்.

அப்போதுதான் சட்டம் வந்தது. வேறெங்கோ ஒரு தோட்டத்தில் ஒரு டிரெஸர் சொட்டுக்குப் பதிலாகக் கரண்டியில் அளந்துவிட்டார், ஆள் எழுந்திருக்கவில்லை. ஆகவே சட்டம் ஒன்று வேண்டியதுதான், அதை யாரும் மறுக்க முடியாது. வந்த சட்டம் சொன்னது என்னவென்றால், வலிக்கும், இருமலுக்கும், வயிற்றுப்போக்குக்கும் டிரெஸரே அபின் கொடுக்கலாம். மனச்சோர்வுக்கு மட்டும் அதற்கென்று உரிமை பெற்ற டாக்டர் எழுதித் தரவேண்டும். அந்த டாக்டர் யார் என்பது பின்னால் அறிவிக்கப்படும்.

"பின்னாலன்னா எப்பங்க?" என்று கேட்டார் தம்புசாமி.

"பின்னாலன்னா பின்னாலதான். இப்போதைக்கு ஒங்களுக்கு இருமல்னு போட்டுக்கிறேன். யாராச்சும் வந்து கேட்டா கொஞ்சம் இருமுங்க."

ஆட்குறைப்புக்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் துக்கம் தம்புசாமிக்கு மட்டும் இருக்கவில்லை. எல்லோருக்கும் டிரெஸர் இருமல் என்றே போட்டார். சில மாதங்களில், மாவட்டத்திலேயே அதிகம் இருமுகிற தோட்டம் என்று அது பெயர் எடுத்தது. விசாரிக்க ஒரு சுகாதார அதிகாரி வந்தார். காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொரு நெஞ்சிலும் குழாயை வைத்துக் கேட்டார். மலாக்காவிலேயே சுத்தமான நெஞ்சுகள் அங்கேதான் இருந்தன.

"இருமு" என்றார் தம்புசாமியிடம்.

தம்புசாமி இருமிப் பார்த்தார். வந்தது இருமல் இல்லை, விம்மல்.

அதிகாரி நல்ல படிப்பாளி. இது இருமல் அல்ல, மனச்சோர்வு என்று உடனே கண்டுபிடித்துவிட்டார். அத்தனை பேர் அத்தனை காலம் மறைத்து வைத்திருந்ததை ஒரே நிமிஷத்தில் கண்டுபிடித்த திருப்தியோடு, அபின் புட்டிக்கு முத்திரை வைத்துப் பூட்டிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாளே தம்புசாமியின் பானையில் சோறு மிஞ்சத் தொடங்கியது. தோட்டங்களை மேற்பார்வை பார்க்க மோட்டாரில் வருகிற டாக்டரிடம் டிரெஸர் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினார். அந்த டாக்டர் மதராசில் படித்தவர். இரக்கம் உள்ளவர். இரண்டு தோட்டங்களுக்கு நடுவே கிடைக்கிற நேரத்தில் இரக்கப்படுவார்.

"எனக்குச் சோர்வுக்கு எழுத உரிமை இல்லப்பா. ஆபரேஷனுக்கு எழுதலாம். ஒன் காலை எடுக்கவேண்டி வந்துச்சுன்னா தாராளமா அபின் கொடுப்பேன்." குனிந்து தம்புசாமியின் கால்களைப் பார்த்தார். "ரெண்டும் நல்லா இருக்கே" என்று ஏமாற்றத்துடன் சொன்னார். பிறகு, மலாக்கா டவுனில் மருத்துவத் தலைமை ஆபீசில் இதற்கென்று ஒரு குழு உட்காருகிறது, அங்கே போய்க் கேள் என்று அனுப்பினார்.

குணமாகி வந்தால் இடம் உண்டு என்றார் துரை. தம்புசாமியின் மரங்களை அன்றைக்கே வேறொருவருக்குக் கொடுத்தார்கள்.

தலைமை ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, கந்தப்பிள்ளை. யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"உமக்கு என்ன வருத்தம்?"

தோட்டத்தை விட்டு வந்த பிறகு தம்புசாமியிடம் ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. "ஆமாங்க. வருத்தந்தாங்க" என்றார்.

"வருத்தம் எண்டபடியாத்தானே வந்திருக்கிறீர். என்ன வருத்தம் எண்டு கேக்கிறன்."

"பொண்டாட்டி செத்துப்போச்சுங்க."

"அது அவவின்ர வருத்தம். உம்மட வருத்தம் என்ன?"

கந்தப்பிள்ளையின் ஊரில் நோய்க்குப் பெயர் வருத்தம் என்பது தம்புசாமிக்குத் தெரியாது. தோட்டத்துத் தமிழில் வருத்தம் ஒரு நோயே அல்ல என்பது கந்தப்பிள்ளைக்குத் தெரியாது. இரண்டு தமிழர்களும் வெகுநேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கந்தப்பிள்ளை, இந்த ஆளுக்கு வருத்தம்தான் வருத்தம் என்று புரிந்துகொண்டு, எப்போது தொடங்கியது என்று கேட்டார். தம்புசாமி சொன்னார்.

"சட்டம் வாறதுக்கு முந்தியே?"

"ஆமாங்க."

கந்தப்பிள்ளை எழுந்து உள்ளே போய் ஓர் அதிகாரியை அழைத்துவந்தார். அவர்தான் கதைத் தொடக்கத்தில் வந்த அனுதாபக்காரர். சட்டத்துக்கு முந்திய துக்கத்துக்குப் பழைய விதி. பழைய விதி ரத்தாகிவிட்டது. புதிய விதியோ புதிய துக்கத்துக்கு. இருந்தாலும் குழு கூடும்போது வரட்டும் என்றார். எப்போது கூடும் என்று அவர் சொல்லவில்லை.

டவுனில், தெங்கேராவில் மளிகைக்கடை வைத்திருந்த அப்துல் லத்தீப்புக்கு, தம்புசாமியைத் தங்கவைக்கும்படி டிரெஸர் சொல்லியனுப்பியிருந்தார். லத்தீப் கடைப் பின்கட்டில் மூட்டைகளுக்கு நடுவே ஒரு இடம் காட்டினார்.

"ஒங்களுக்குத் தொந்தரவுங்க பாய்."

"என்னா தொந்தரவு தம்பி. பருப்புல கல்லு இருக்கு, ஒங்களுக்கு நேரம் இருக்கு. ஒக்காருங்க."

தம்புசாமி கல் பொறுக்கினார். லத்தீப்பின் மனைவி ரபியா, முகம் காட்டாமல், மகள் கையில் சோறு கொடுத்தனுப்புவாள். தட்டு பாதி அப்படியே திரும்பிப் போகும். மறுநாள் கறி மாறி வரும். உப்பு, புளி, காரம் என்று அவள் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. கடையில் நாளெல்லாம் ஆட்கள் வந்தார்கள். மலாய்க்காரர்கள், சீனர்கள், செட்டிகள், மாட்டுவண்டிக்காரர்கள். எல்லோரும் விலை பேசினார்கள். விலை பேசாத ஒருவனோடு பேச யாருக்கும் எதுவும் இருக்கவில்லை. காலி லயத்தில் தனியாக இருந்தது ஒரு மாதிரி. இத்தனை பேருக்கு நடுவே இருந்தது வேறு மாதிரி. இரண்டாவதுதான் அதிகம் களைப்பாக இருந்தது.

கடைக்கு எதிர்ச் சந்தில் ஒரு கம்பிக் கதவுக் கடை. காலையில் சீனக் கிழவர்கள் வரிசையில் நின்று சின்னச் சின்னப் பொட்டலங்கள் வாங்கிப் போவார்கள்.

"அது என்னா கடைங்க பாய்?"

"சண்டுக்கடை. புகைக்கிற அபினு. கவருமெண்டு கடைதான்."

தம்புசாமி பொறுக்குவதை நிறுத்தினார். "கவருமெண்டே விக்குதா?"

"சீனவங்களுக்கு மட்டும் தம்பி. அவங்கள்லயும் பேரு பதிஞ்சவங்களுக்குத்தான்."

இருந்தாலும் தம்புசாமி போய் வரிசையில் நின்றார். கம்பிக்குப் பின்னாலிருந்த குமாஸ்தா, மலாய் பேசுகிற மலாக்காச் சீனரான பாபா, மலாயில் கேட்டார். "நீ சீனனா?"

"இல்ல துவான்."

"புகைக்கிற பழக்கம் உண்டா?"

"இல்ல துவான். துக்கம்."

குமாஸ்தா சற்று விலகி நிற்கச் சொன்னார். பழக்கத்துக்கு விற்பது அரசாங்கத்துக்கு வருமானம், துக்கத்துக்குக் கொடுப்பது சமூகத்துக்கு ஆபத்து என்ற வித்தியாசம் அவருக்குத் தெரியும். ஆனால் அதை மலாயில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "போ, போ" என்றார்.

ஒருவழியாகக் குழு கூடியது. மேசைக்குப் பின்னால் மூன்று வெள்ளைக்கார டாக்டர்கள். மொழிபெயர்க்கக் கந்தப்பிள்ளை. தம்புசாமியைச் சுவரோரம் நிற்கவைத்தார்கள்.

தலைவர் முதலில் பேசினார். "மெலங்கோலியா என்பது படித்தவர்களின் நோய். அது வருவதற்கு நினைவாற்றல் வேண்டும், ஓய்வு வேண்டும், சாய்ந்துகொள்ள ஒரு நல்ல நாற்காலி வேண்டும். இந்த மூன்றையும் நாம் கூலிகளுக்குக் கொடுத்ததில்லை. எனவே இந்த நோயும் அவர்களுக்கு வந்திருக்க நியாயமில்லை. வந்திருந்தால் அது தோட்ட நிர்வாகத்தின் அசட்டையைக் காட்டுகிறது."

இரண்டாமவர் அறுவை டாக்டர். "எனக்கு இந்த உரிமை வேண்டாம். மனம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, இத்தனை உடல்களைத் திறந்திருக்கிறேன், கண்டதில்லை. ஆனால் என் வலதுபுறம் இருப்பவருக்கு அந்த உரிமை போவதை நான் அனுமதிக்க முடியாது."

வலதுபுறம் இருந்தவர் சிந்தனையாளர். "முதலில் ஒன்றைத் தெளிவாக்கவேண்டும். இந்த மனிதனின் மனைவி இறந்திருக்கிறாள். ஆகவே இவனுடைய துக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. காரணமுள்ள துக்கம் நோயல்ல. காரணமில்லாத துக்கமே நோய். இவனுடைய மனைவி மட்டும் இறக்காமல் இருந்திருந்தால், இவனுக்கு மருந்து கொடுக்க எனக்கு ஒரு தடையும் இருந்திருக்காது."

கந்தப்பிள்ளை இதை மொழிபெயர்த்துச் சொன்னார். தம்புசாமி கொஞ்சம் யோசித்தார். "அவ சாகாம இருந்தா நான் எதுக்குங்க இங்க வர்றேன்?"

"என்ன சொல்கிறான்?"

"நன்றி சொல்லுறார் சேர்" என்றார் கந்தப்பிள்ளை.

இது ஊர் ஏக்கமாக இருக்கலாம், ஏக்கத்துக்கு ஊருக்கு அனுப்பிவிடுவதே வைத்தியம் என்றார் தலைவர். ஊரில் யாரும் இல்லை என்றார் தம்புசாமி. அப்படியானால் ஏங்குவதற்கு என்ன இருக்கிறது என்று தலைவர் கேட்டார். அது தம்புசாமிக்கும் சரியாகத் தெரியவில்லை.

மூவரில் ஒருவருக்கு உரிமை போவதை மற்ற இருவரும் ஏற்காததால், வெளியிலிருந்து ஒரு நிபுணரைக் கொண்டுவருவது என்று ஒருமனதாக முடிவாயிற்று. அவர் வந்து சேரும்வரை தம்புசாமி கல் பொறுக்கினார். லத்தீப்பின் பருப்புக்கு அந்த வருடம் நல்ல பெயர்.

வந்தவர் டாக்டர் பெல்லிங்ஹாம். மதராசில் இருந்தவர், ஒரு முன்ஷியிடம் தமிழ் படித்தவர். மனச்சோர்வு நோயாளிகளுக்கு அமைதி வேண்டும் என்று விதியில் இருந்ததால் அவருக்கு டவுனில் இடம் தராமல் புக்கிட் பெருவாங்கில், குன்றடியில், ஒரு பங்களாவைக் கொடுத்தார்கள். வாசலில் பலகை. சுற்றிலும் ஒரு வீடு இல்லை. தம்புசாமி நடந்து போய்ச் சேர்ந்தபோது டாக்டர் தாழ்வாரத்தில் தனியாக உட்கார்ந்து எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து ஓடிவந்தார்.

"வாரும், வாரும். நீர் நோயாளியோ? அன்றி வழி தப்பி வந்தீரோ?"

"நோயாளிதாங்க ஐயா."

"நன்று. மிக நன்று." அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார். தம்புசாமி வாழ்நாளில் முதன்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார், நுனியில். "உமது துக்கம் யாது? ஒளியாமல் உரையும்."

கேள்வி புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் தம்புசாமி பேசினார். கப்பல், விலை, கங்காணி எல்லாம் சொன்னார். யாரிடமும் அவ்வளவு பேசியதில்லை. டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். பாதியில் அவர் கண்கள் கலங்கின.

"உம்முடைய மனையாட்டி கப்பலேறிப் போனாள். என்னுடைய மனையாட்டி கப்பலேறி வர மறுக்கிறாள். இவ்விடம் உஷ்ணம் என்கிறாள்."

பிறகு அன்று முழுவதும் அவர்தான் பேசினார்.

புறப்படுமுன் தம்புசாமி மருந்தைப் பற்றிக் கேட்டார். டாக்டரின் முகம் வாடியது. "எனக்கு உரிமை உண்டு. மலாக்காவில் எனக்கு ஒருவனுக்கே உண்டு. ஆயினும் வேறு இரண்டு வைத்தியர்கள், இவருக்கு மனச்சோர்வு உள்ளது என்று எனக்கு முன்னே சான்று தரவேண்டும்."

"அப்ப அவங்ககிட்ட வாங்கியாரட்டுங்களா?"

"அவர்கள் தரலாகாது. மனச்சோர்வைக் கண்டுபிடிக்கும் உரிமை என் ஒருவனுக்கே உண்டு என்று அதே சட்டம் சொல்லுகிறது." டாக்டர் சிறிது நேரம் எறும்புகளைப் பார்த்தார். "இதற்கு மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் வருமட்டும் நீர் திங்கட்கிழமைதோறும் வாரும். உமது சரித்திரத்தை நான் முழுவதும் அறியவேண்டும்."

திங்கட்கிழமைதோறும் தம்புசாமி நடந்தார். டாக்டர் தேநீர் தருவார், பேசுவார். இங்கிலாந்தின் மழையைப் பற்றி, தன் தகப்பனார் தன்னைக் கட்டி அணைத்ததே இல்லை என்பதைப் பற்றி, மனைவியின் கோபங்களைப் பற்றி. "சரிங்க" என்பார் தம்புசாமி. "அப்புறங்க?" என்பார். தன் வேலை என்ன என்பது அவருக்குப் பிடிபட்டுவிட்டது. பால் வெட்டுவதைவிட இது கடினம். ஆனாலும் எதிரில் இருந்தவர் அழும்போது எழுந்து போய்விட அவருக்கு மனம் வரவில்லை.

ஒரே ஒரு தடவை தன் பேச்சை எடுக்க அவர் முயன்றார். ஊருக்குப் புறப்பட்ட அன்றைக்குக் கப்பல் படிக்கட்டில் பாதி ஏறிய ராஜம்மா திரும்பிப் பார்த்தாள். இத்தனை கூட்டத்துக்கு நடுவே என்ன சொல்லப்போகிறாளோ என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். "கருவாடு பானையில இருக்கு, மூடி வைங்க, பூனை வரும்" என்றாள். அவ்வளவுதான் அவள் கடைசியாகச் சொன்னது. அதற்குப் பிறகு அவர் கருவாடு தின்னவில்லை. இதை யாரிடமாவது சொல்லவேண்டும் என்று வெகுநாளாக இருந்தது.

"ஐயா, அவ படியில ஏறி, ஒருவாட்டி திரும்பிப் பாத்தா..."

"பார்த்தாளோ?" என்றார் டாக்டர். "என் நாயும் அப்படித்தான். நான் புறப்பட்ட நாளிலே, வாயிற்படியில் நின்று..."

அன்றைக்கு நாயின் கதை ஓடியது. நல்ல நாய். தம்புசாமி கேட்டுக்கொண்டிருந்தார்.

மாதங்கள் போகப் போக மாற்றம் தெரிந்தது. முன்பெல்லாம் சவரம் செய்யாத முகம் இப்போது பளபளத்தது. கன்னத்தில் சதை விழுந்தது. தம்புசாமி வரும்போது தாழ்வாரத்தில் டாக்டர் சீட்டியடிக்கும் சத்தம் கேட்டது. மனைவிக்கு எழுதும் கடிதங்களில் புலம்பல் போய்விட்டதால், இப்போதுதான் உங்களோடு வாழமுடியும் என்று தோன்றுகிறது என அந்த அம்மாள் பதில் எழுதி, கப்பலேறச் சம்மதித்துவிட்டாள். டாக்டர் அதை இரண்டு முறை படித்துக் காட்டினார். தம்புசாமிக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. திரும்பி நடக்கும்போது, தெங்கேரா வருவதற்குள், அந்தச் சந்தோஷம் எங்கேயோ விழுந்துவிட்டது. வேட்டியை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டிக்கொண்டார். இடுப்பு அவ்வளவு இளைத்திருந்தது.

டாக்டர் பெல்லிங்ஹாம் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். உரையாடல் மூலமாகவே மனச்சோர்வு நீங்குவதைத் தாம் கண்கூடாகக் கண்டதாகவும், நோயின் ஒவ்வொரு படியும் விலகுவதைத் தம் உள்ளத்திலேயே உணர முடிந்ததாகவும் எழுதியிருந்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

குழுவுக்குப் பெருமை பிடிபடவில்லை. தலைமை ஆபீசில் பந்தல் போட்டு ஒரு விழா நடந்தது. தம்புசாமிக்குப் புது வேட்டி கொடுத்து, மாலை போட்டு, மேடையில் நிறுத்தினார்கள். தலைவர் பேசினார்.

"மருந்து கொடுக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். நாம் அவசரப்படவில்லை. யார் கொடுப்பது என்று முதலில் கேட்டோம். அந்தக் கேள்வியை எவ்வளவு நேர்மையாக, எவ்வளவு காலம் கேட்டோமோ, அவ்வளவு காலமும் ஒரு சொட்டு அபின்கூடச் செலவாகவில்லை. இன்று இந்த மனிதன் குணமாகி நிற்கிறான். மலாக்காவில் பதிவான மனச்சோர்வு நோயாளி இவன் ஒருவனே. ஆகவே மலாக்காவில் மனச்சோர்வு ஒழிந்துவிட்டது என்று அறிவிப்பதில் மகிழ்ச்சி அடைகிறேன். இனி இந்தப் பதவி தேவையில்லை. டாக்டர் பெல்லிங்ஹாம் உயர்வு பெற்றுச் சிங்கப்பூர் செல்கிறார்."

கைதட்டினார்கள். தம்புசாமியை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மாலை உறுத்தியது. கந்தப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்கு இன்னும் ஒறக்கம் வர்லீங்க" என்றார் தம்புசாமி. "சோறு எறங்கல. அந்த மருந்த ஆறு மாசம் குடுத்திருந்தா டிரெஸரு ஐயாவே கொறைச்சு நிறுத்தியிருப்பாருங்க. அதக் கேக்கத்தான் வந்தேன்."

கந்தப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சபையைப் பார்த்து, "மிகவும் கடமைப்பட்டிருப்பதாகச் சொல்லுகிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

கூட்டம் கலைந்த பிறகு அவர் தம்புசாமியைத் தேடி வாசலுக்கு வந்தார்.

"குறை நினைக்காதையும். நான் உள்ளதைச் சொன்னால் உம்மைத் திரும்பவும் முதலில இருந்து துவங்கச் சொல்லுவினம். இன்னுமொருக்கால் உம்மால ஏலாது."

"சரிங்க."

"குணம் எண்டு எழுதியாச்சு. தோட்டத்தில மரம் தருவினம். போய் வேலையைப் பாரும்." உள்ளே போகத் திரும்பியவர் மறுபடி அவர் பக்கம் பார்த்தார். "சாப்பிடும் ஐசே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

லத்தீப்பிடம் சொல்லிக்கொண்டு, தம்புசாமி மறுநாள் மத்தியானம் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். நல்ல வெயில். தகரக் கொட்டகையின் கீழ் இருந்த பெஞ்சில் ஒரு அம்மாளும் ஒரு இளம் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாள் எழுந்து வந்தாள்.

"அண்ணே, துக்கத்துக்குப் பாக்குற டாக்டரு வீடு எந்தப் பக்கம்? ஜாசின்ல இருந்து வர்றோம். எம் பேரு கருப்பாயி. இது எம் மவ மங்களம். புள்ள பொறந்து தங்கல. அதுல இருந்து இவ ஒரு வார்த்தை பேசமாட்டேங்கிறா, யாரையும் ஏறெடுத்துப் பாக்கமாட்டேங்கிறா."

தம்புசாமி அந்தப் பெண்ணைப் பார்த்தார். இருபது வயதிருக்கும். மடியில் இரண்டு கைகளையும் யாரோ வைத்துவிட்டுப் போன சாமான்கள்போல வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த டாக்டரு இனிமே பாக்கமாட்டாரும்மா. துக்கம் ஒழிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டாங்க."

கருப்பாயிக்கு விளங்கவில்லை. "ஒருத்தருக்குக் கொணமாச்சுன்னு சொன்னாங்களே. தோட்டத்து ஆளாம். பெம்பான் பக்கமாம். அவரக் கண்டாலாவது கேக்கலாம், என்னா செஞ்சாங்கன்னு."

"நாந்தாம்மா அது."

கருப்பாயி அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். ஒட்டிய கன்னம், குழிந்த கண், இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிய புது வேட்டி. மனதில் பட்டதை அவள் அப்படியே சொன்னாள். "ஒங்களப் பாத்தா கொணமான மாதிரி தெரியலியே அண்ணே."

"இல்லம்மா" என்றார் தம்புசாமி. "எனக்குக் கொணமாகல. டாக்டருக்குத்தான் கொணமாச்சு."

கருப்பாயிக்குச் சிரிப்பதா, தலையிலடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்த மங்களம் மெதுவாகத் தலையைத் தூக்கி, தம்புசாமியின் முகத்தைப் பார்த்தாள். பார்வையை உடனே எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

தம்புசாமி உட்கார்ந்தார். பெம்பான் வழியாக ஜாசின் போகிற பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு, புழுதியைக் கிளப்பிவிட்டுப் போயிற்று. அவர்கள் மூன்று பேரும் அதில் ஏறவில்லை.